செல்லசாமியின் அரிசி

“வீரய்யா, வெள்ளிக்கெழம கூப்பன் இன்ஸ்பெக்டர் வர்றாரு. ஒன் தம்பியக் கூட்டிட்டு வந்து காட்டிரு. ஆளு வரலைன்னா பேர வெட்டிருவாங்க,” என்றார் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பொன்னையா.

“ஆகட்டுங்கய்யா,” என்றான் வீரய்யா.

சொல்வது சுலபம். தம்பி என்று ஒருவன் இருந்திருந்தால் இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

சில வருடங்களுக்கு முன்னால் அரிசிக் கூப்பன் எழுத வந்தவர், “வீட்டுல எத்தன பேரு?” என்று கேட்டார். வீரய்யா, மனைவி நாகலெட்சுமி, பிள்ளைகள் மூன்று. ஆக ஐந்து பேர். வீரய்யாவின் வாயில் ஆறு என்று வந்துவிட்டது.

“ஆறாவது ஆளு யாரு?”

“தம்பிங்க. செல்லசாமி.”

“வயசு?”

“இருவத்தஞ்சுங்க. நோட்டன் பிரிட்ஜுல கொந்தராத்து வேலைங்க. வருவான், போவான்.”

இப்படியாக, இருபத்தைந்து வயதில் பிறந்த பெருமை செல்லசாமிக்குக் கிடைத்தது. வீரய்யாவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த லயத்தில் குடும்பத்துக்கு ஒன்றாக வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள். ஏழெட்டுச் செல்லசாமிகளாவது இருந்தார்கள். அதனால் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பிறகு இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் எழுத வந்த தொழிற்சங்கத்து ஆளும் கூப்பனைப் பார்த்து வரிசையாகப் பெயர்களை எழுதிக்கொண்டு போனார். செல்லசாமியும் விண்ணப்பித்துவிட்டான்.

இப்போது காலம் கெட்டுக் கிடந்தது. தேயிலை விலை லண்டனில் விழுந்தது, அடிபட்டது இங்கே வட்டகொடையில். தோட்டத்தில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை என்றார்கள். அதே வருடம் பார்த்துக் கூப்பன் அரிசி ஒரு கொத்து அளவு இருபத்தைந்து சதத்திலிருந்து எழுபது சதமானது. கூப்பன் இல்லாமல் வாங்கும் லாபிர் முதலாளி கடையில் அதைவிட விலை. செல்லசாமியின் பேரில் வாரம் வந்த ஒன்றேகால் கொத்து இல்லையென்றால் பிள்ளைகளுக்கு இரண்டு இரவு சோறு இல்லை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

“காச்சல்னு சொல்லிருங்க,” என்றாள் நாகலெட்சுமி. “காச்சக்காரன யாரு ஆபீசுக்குக் கூப்புடுவா?”

நல்ல யோசனைதான். ஆனால் பொன்னையா புதிதாக மாற்றலாகி வந்தவர், இரக்க சுபாவம் உள்ளவர்.

“அடப் பாவமே! நீ ஒண்ணும் கவலப்படாத. வெள்ளிக்கெழம காலையில டாக்டரய்யாவையே காம்பராவுக்கு அனுப்புறேன்,” என்றார்.

வீரய்யா அன்று மாலையே ரயிலேறி வட்டவளைக்குப் போய் நாகலெட்சுமியின் அண்ணன் மூக்கனைக் கையோடு கூட்டிவந்தான். வெள்ளிக்கிழமை காலை மூக்கன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு செல்லசாமியாகப் படுத்தான். தோட்டத்து டாக்டரய்யா கையைப் பிடித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ஒரு கிளாஸ் விளக்கெண்ணெயை நின்று குடிக்கவைத்தார்.

“எத்தன வருசமா இந்தத் தோட்டத்துல இருக்க?”

“பொறந்ததுலேர்ந்துங்க,” என்று மூக்கன் முனகினான்.

டாக்டரய்யா அதையும் சேர்த்துச் சீட்டில் எழுதினார். பின்னாலேயே வந்த இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தில் ஒரு சரி போட்டார்.

அவர்கள் தலை மறைந்ததும் மூக்கன் எழுந்து உட்கார்ந்தான். “மச்சான், வெளக்கெண்ண குடிச்சது நானு. அரிசியில பாதி எனக்கு.”

“அடப்பாவி, ஒந் தங்கச்சி புள்ளைங்கடா!”

“எனக்கும் புள்ளைங்க இருக்குல்ல?”

பாதி போனது. அத்தோடு விட்டதா? விளக்கெண்ணெயின் புண்ணியத்தால் மூக்கன் மூன்று நாள் வட்டவளைக்குத் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கினான். நாலாவது நாள் பசி வந்தது. செல்லசாமியின் இரண்டு வார அரிசியைச் செல்லசாமியாகப் படுத்தவன் ஒரே மூச்சில் தின்று தீர்த்தான்.

ஒரு தடவை ஆளைக் கண்ணால் கண்டுவிட்டார்கள் அல்லவா, ஊரும் செல்லசாமியை விடவில்லை. சங்கத்துத் தலைவர் வந்தார். “கல்யாணமாகாத ஆளு, சம்பாதிக்கிறவன், சந்தா கட்டாம இருக்கலாமா?” வீரய்யா கட்டினான். தலைவர் மாதாமாதம் ரசீது கொடுத்தார். கோயில்காரர்கள் வந்தார்கள். திருவிழாவுக்கு ஆம்பிளைத் தலைக்கு ஒரு ரூபாய். அதற்கும் ரசீது. ரசீதுகளை எல்லாம் டாக்டரய்யாவின் சீட்டோடு சேர்த்து நாகலெட்சுமி கடுகு டப்பாவில் பத்திரமாக வைத்தாள்.

கடைசியில் மேல் லயத்துப் பேச்சியம்மா வெற்றிலை பாக்கோடு வந்து நின்றாள்.

“எம் மகளுக்கு ஒங்க கொழுந்தனத்தான் கேக்கலாம்னு. குடிச்சுட்டுக் கெடந்து ஒருத்தரும் பாத்ததில்ல, யாருகிட்டயும் சண்டை சச்சரவு இல்ல. இந்தக் காலத்துல அப்படி ஒரு பிள்ள எங்க கெடைக்கும்?”

“எங்கயும் கெடைக்காதுக்கா,” என்றாள் நாகலெட்சுமி, மனதறிந்து.

பேச்சியம்மாவை ஒருவழியாகச் சமாளித்து அனுப்பிய அதே வாரம், பிரஜாவுரிமை விசாரணைக்கு அண்ணனும் தம்பியும் அட்டனுக்கு வரவேண்டும் என்று கடிதம் வந்தது. மூக்கன் இந்த முறை அரிசி முழுவதையும் கேட்டான். கொடுத்துத்தான் ஆகவேண்டியிருந்தது.

விசாரணை செய்த அதிகாரி முதலில் வீரய்யாவைக் கேட்டார்.

“அத்தாட்சி என்ன இருக்கு?”

“அப்பா இங்க வந்தப்பக் குடுத்த துண்டுச் சீட்டு இருந்துச்சுங்க. கூரை ஒழுகித் தகரப்பெட்டியில தண்ணி எறங்கிருச்சுங்க.”

“நாட்ட விட்டு வெளிய போனதுண்டா?”

வீரய்யா பொய்க்குப் பழக்கப்பட்டவன் அல்ல. ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருந்தான். “அப்பா செத்தப்ப இந்தியாவுக்குப் போயி ஒரு வருசம் இருந்துட்டு வந்தேங்க,” என்று உள்ளதைச் சொன்னான். அதிகாரி ஒரு வரி எழுதிவிட்டு, “போகலாம்,” என்றார்.

மூக்கன் கடுகு டப்பாவைத் திறந்து மேசையில் கவிழ்த்தான். கூப்பன் புத்தகம், டாக்டரய்யாவின் சீட்டு, சங்கத்து ரசீதுகள், கோயில் ரசீது.

“வெளிநாடு போனதுண்டா?”

“நான் எங்கயுமே போனதில்லீங்க.”

அதிகாரி செல்லசாமியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். வீரய்யா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒனக்கு ஒரு வரி, செல்லசாமிக்கு ரெண்டு பக்கமா? கண்டுபிடிச்சுட்டாரு மச்சான். ஜெயில்தான்,” என்று மூக்கன் ரயிலில் சொன்னான். அன்றைக்குப் போனவன் பிறகு இந்தத் திசைக்கே தலை காட்டவில்லை.

அதற்குப் பிறகு வீரய்யாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. லயத்துப் பக்கம் யார் காக்கிச் சட்டையோடு வந்தாலும் கக்கூசுக்குள் போய் ஒளிந்தான். ஒன்றரை மாதம் இப்படிப் போனதும் நாகலெட்சுமியே சொன்னாள்: “அரிசி போனாப் போவுது. நீங்க ஜெயிலுக்குப் போனா எங்களுக்கு யாரு? அந்தப் பயல முடிச்சுருங்க.”

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக்கூடப் போகாமல், துண்டை வாயில் பொத்திக்கொண்டு வீரய்யா ஆபீசு வாசலுக்குப் போனான்.

“ஐயா, எந் தம்பி நோட்டன் பிரிட்ஜுல ஆத்தோட போயிட்டாங்கய்யா! ஆளே கெடைக்கலைங்க!”

அழ வேண்டும் என்று நினைத்து வரவில்லை. இரண்டு இரவுச் சோற்றை நினைத்தான். அழுகை தானாகவே வந்தது.

பொன்னையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கூப்பன் புத்தகத்தை வாங்கி, செல்லசாமியின் பேரைச் சிவப்பு மையால் மெதுவாக வெட்டினார். “நல்ல பையன். நீ இன்னிக்கு வேலைக்கு எறங்காத வீரய்யா, வீட்டுக்குப் போ,” என்றார். நாலு நாள் வேலை அந்த வாரம் மூன்று நாளானது. ஆனாலும் வீரய்யாவுக்கு நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது. திரும்பி இரண்டடி வைத்தான்.

தபால் பையோடு அழகுமுத்து எதிரே வந்தான். தோட்டத்துத் தபால்காரன், நாலு எழுத்து இங்கிலீசும் படித்தவன்.

“அண்ணே, கொழும்புலேர்ந்து ஒங்க வீட்டுக்கு ரெண்டு கடுதாசி. பிரஜாவுரிமை முடிவு.”

“படி,” என்றான் வீரய்யா. செத்தவனை யார் ஜெயிலில் போடுவார்கள் என்ற தைரியம்.

அழகுமுத்து ஒன்றைப் பிரித்தான். மற்றதையும் பிரித்தான். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான்:

“தம்பி இந்த நாட்டு ஆளுதானாம்ண்ணே, நீங்க இங்க இருந்ததுக்குத்தான் அத்தாட்சி இல்லையாம்.”