ஆர் வாங்குவான் பிறேமின் கொம்பனியை?

பிறேமின் கொம்பனியை உலகத்தில் ஒருத்தனும் வாங்க மாட்டான் என்று நிறுவியே தீருவதென நோர்மன் முடிவெடுத்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கொக்குவில் வீட்டுக்கு வந்த கையோடு.

பிறேம் கனடாவில், காட்டுக்குள் துளை போட்டுத் தங்கம் தேடுகிற ஒரு சின்னக் கொம்பனியில் எஞ்சினியர். முப்பது வருசத்துக்கு முன் நோர்மனின் மனைவி மார்கிரட்டுக்கு முதலில் அவனைத்தான் பேசினார்கள். அது குழம்பித்தான் நோர்மன் மாப்பிள்ளையானார். மூன்று பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் பிறேம் என்றால் நோர்மனுக்குப் பிறசர் ஏறும்.

அன்றைக்கு வரும் வழியெல்லாம் மார்கிரட்டுக்குப் பிறேமின் கொம்பனிக் கதைதான். பெரிய சுரங்கக் கொம்பனிகள் சின்னனுகளை விலைக்கு வாங்குமாம். பங்கு வைத்திருக்கிறவர்களுக்கு யோகமாம். பிறேமின் கொம்பனிக்கும் அது வரலாமென்று ரொறன்ரோவில் கதையாம். அங்கேயிருந்து லீவில் வந்து நிற்கிற அவள் தங்கை அனுஜா சொன்னாளாம்.

நோர்மன் கூட்டுறவுச் சங்க மனேச்சராக இருந்து இளைப்பாறியவர். புத்தகம் தொட்டு நாற்பது வருசம். இப்போது போனுக்குள் விட்ட தலையை இரண்டு கிழமை வெளியே எடுக்கவில்லை. பின்னேரம் தேத்தண்ணியோடு மார்கிரட்டுக்கு விளக்கம். தங்கம் கண்டால் மட்டும் போதாதாம். வெட்டிக் கட்டுப்படியாகிற அளவு இருக்க வேண்டும். றோட்டும் கரண்டும் கிட்ட வேண்டும். அனுமதி வேண்டும். எல்லாத்தையும்விட, பக்கத்தில் ஒரு பெரியவனின் சுரங்கம் வற்றிக்கொண்டு வரவேண்டும். அப்போதுதான் கல்லரைக்கிற ஆலைக்குத் தீனி தேடி அவன் அயல்காணியை எட்டிப் பார்ப்பான்.

"பிறேமின்ரை காணிக்குப் பக்கத்திலை அப்பிடி ஒண்டும் இல்லையோ?" என்று மார்கிரட் கேட்டாள்.

இல்லையென்று காட்டத்தான் நோர்மன் வரைபடத்தைத் திறந்தார். இருந்தது. பன்னிரண்டு கிலோமீற்றரில் ஒரு பெரிய சுரங்கம். இன்னும் இரண்டு வருசத்துக்குத்தான் தங்கம் காணும் என்று அவர்களே அறிக்கையில் போட்டிருந்தார்கள். 

"உவன்ரை ராசிக்கு அதுவும் சரிவராது," என்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஐந்து மாதத்தில் சரிவந்தது. அயல் சுரங்கக்காரன் பிறேமின் கொம்பனியை இரட்டை விலைக்கு வாங்கினான். நோர்மன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மார்கிரட் நண்டுக்கறி விடும்போதுதான் அவள் கை வெறுமையாக இருப்பதைக் கண்டார். காப்பு எங்கே என்று கேட்டார்.

"அது போய் அஞ்சு மாசம். அனுஜா கொண்டுபோய் வித்து, அந்தக் கொம்பனியிலை பங்கு வாங்கினவள்."

"உவன் சொல்லியோ?"

"அவர் ஒருத்தனும் வாங்கான் எண்டு அனுஜாவுக்குச் சொன்னவராம். நான் உங்கடை விளக்கத்தைத்தான் நம்பினனான். சும்மா படிச்சுச் சொல்லுங்கோ எண்டா நீங்கள் படிச்சிருப்பியளே? அதுதான் பிறேமின்ரை பேரை எடுத்தனான்."

ஏமாந்தது உறைத்தாலும் நோர்மனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. முப்பது வருசத்தில் முதல்முறையாகப் பிறேமை வென்றுவிட்டார். இரண்டாம் முறை சோறு போட்டு, வந்த காசை என்ன செய்வதாக உத்தேசம் என்று பெருந்தன்மையாக விசாரித்தார்.

"கனடாவுக்கு ரிக்கற் போட்டாச்சு, மூண்டு மாசம். கோழியளைப் பாக்க நீங்கள் நிக்கோணும்," என்றாள் மார்கிரட். "அனுஜாவுக்கு அண்டைக்கு வேலையாம். எயார்போட்டுக்குப் பிறேம் வாறாராம்."