ஜெர்மன் கேமராவை விற்ற கதை

விலை உயர்ந்த பொருள் ஒன்றை வாங்கியவனிடம் முதலில் கெட்டுப்போவது அவன் பேச்சுத்தான். அந்த ஜெர்மன் கேமராவை வாங்கிய பிறகு நான் ‘போட்டோ பிடிக்கிறேன்’ என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். ‘ஒளியைப் பதிவு செய்கிறேன்’ என்றேன். கோலசிலாங்கூர் சந்தையில் மீன்காரரிடம்கூட, இந்த வெளிச்சத்தைக் கவனித்தீர்களா என்று கேட்டிருக்கிறேன். (அவர் சட்டென்று விளக்கை என் பக்கம் திருப்பி, நல்ல மீன்தான் தம்பி, செவுளைத் தூக்கிப் பாருங்க என்றார்.)

அது ஃபிலிம் போடும் கேமரா. பார்க்கச் சின்னதாக இருக்கும், கழுத்தில் மாட்டினால் செங்கல்லைத் தொங்கவிட்டதுபோல் இருக்கும். கூடவே மூன்று லென்ஸ், தோல் பை, தோல் வார். விலையைப் பற்றிப் பேச வேண்டாம். என் மனைவி மகேஸும் இதைப் படிப்பாள்.

அந்தக் கேமராவில் ஒரு விசேஷம் உண்டு. நாம் பார்க்கும் துவாரம் வேறு, படம் விழும் லென்ஸ் வேறு. மேல் மூலையில் இருக்கும் குட்டி ஜன்னல் வழியாகப் பார்த்தால் எல்லாம் பளிச்சென்று தெரியும். வாழ்க்கையையே நேரில் பார்ப்பதுபோல இருக்கும் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் விளக்கம் கொடுத்திருக்கிறேன். வாழ்க்கையை நேரில் பார்க்கக் கேமரா எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நல்ல மனிதர்கள்.

இந்த நிலையில்தான் மாமாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. மாமா என்றால் மகேஸின் அப்பா. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது அத்தையோடு சுங்கை ஆயர் தாவாரில் இருக்கிறார். அவர்களுடைய முதல் கல்யாணத்துக்குப் படமே கிடையாது. அன்றைக்குப் பெய்த மழையில் தோட்டத்துச் சாலை மூழ்கி, பட்டணத்துப் படக்காரர் பாதி வழியிலேயே திரும்பிவிட்டாராம். வீட்டு வரவேற்பறையில் மூன்று பிள்ளைகளின் கல்யாணப் படமும் வரிசையாக மாட்டியிருக்கும். அவற்றுக்கு மேலே ஓர் ஆணி மட்டும் சும்மா இருக்கும்.

படக்காரரை ஏற்பாடு செய்யலாமா என்று மகேஸ் கேட்டபோது நான் காயப்பட்டவன்போல் அவளைப் பார்த்தேன். மாமாவும் என் பக்கம் பேசினார். வீட்டு மாப்பிள்ளை இருக்கும்போது வெளியாள் எதற்கு என்றார். எனக்கு அது போதாதா? தோட்டத்துக் கோயில் வாசலில் ஒரு கூடையை வைத்து, வந்தவர்களின் போன்களையெல்லாம் அதில் போடச் சொன்னேன். சடங்கு நடக்கும்போது ஆளாளுக்குப் போனைத் தூக்கினால் படத்தின் புனிதம் கெட்டுவிடும் என்று அறிவித்தேன். (புனிதம் என்றே சொன்னேன். சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்கள்.)

அன்று காலையிலிருந்து நான் எடுத்த படங்களைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகள். சாம்பார் அண்டாவிலிருந்து எழும் ஆவி. தூணடியில் தூங்கிய பூனை. மணமக்களை மட்டும் எடுக்கவில்லை. தாலி கட்டும் நேரத்துக்கென்று ஃபிலிமைச் சேமித்து வைத்தேன்.

பிறகு கலச நீரை ஊற்ற ஆரம்பித்தார்கள். இருவர் தலையிலும் உறவினர் ஒவ்வொருவராகக் குடம் குடமாக ஊற்ற, தண்ணீர் நாலாபுறமும் தெறித்தது. ஜெர்மன்காரன் செய்த லென்ஸில் தோட்டத்துத் தண்ணீர் படலாமா? சட்டைப்பையிலிருந்து கறுப்பு மூடியை எடுத்து லென்ஸில் மாட்டினேன். அவ்வளவு அக்கறையாக என் சொந்தக் குழந்தைக்குக்கூட நான் தொப்பி போட்டதில்லை.

ஈரம் மாற்றி, பட்டு உடுத்தி, மாலையோடு இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். நான் மண்டியிட்டேன், படுத்தேன், ஐயரின் தோளுக்கு மேலாக எட்டினேன். அத்தைக்குப் படத்துக்கு நிற்கும் பழக்கமே கிடையாது. இப்போது பார்க்கவா என்று என்னிடம் மெல்லக் கேட்டுக் கேட்டு, நேராக லென்ஸைப் பார்த்துச் சிரித்தார். அதாவது, மூடியைப் பார்த்து. குட்டி ஜன்னலில் எனக்கு எல்லாமே பளிச்சென்று தெரிந்தது. சுருள் முடியும்வரை எடுத்துத் தள்ளினேன்.

சுருளைக் கோலாலம்பூருக்கு அனுப்பிக் கழுவி வாங்கச் சில வாரம் ஆயிற்று. படங்கள் என் போனுக்கு வந்து சேர்ந்த நாளில் நான் அவற்றைத் திறக்கக்கூட இல்லை. எல்லாரோடும் சேர்ந்து முதல்முறை பார்க்க வேண்டும் என்று கொள்கை. அத்தை கேசரி கிண்டி அக்கம்பக்கத்து வீட்டாரையும் அழைத்திருந்தார். வரவேற்பறை டிவியில் போனை இணைத்துவிட்டு நான் சின்னதாக ஒரு முன்னுரையும் ஆற்றினேன்.

செருப்புகள் வந்தன. எல்லாரும் கைதட்டினார்கள். பக்கத்து வீட்டு அம்மா தன் செருப்பை அடையாளம் கண்டு சந்தோஷப்பட்டார். அண்டா வந்தது. பூனை வந்தது. அடுத்தது கறுப்பு. அதற்கடுத்ததும் கறுப்பு. நான் விரலால் தள்ளத் தள்ள, டிவியில் கறுப்புக்குப் பிறகு கறுப்பாக வந்துகொண்டே இருந்தது.

“லைட்ட அணைச்சா தெரியுமா மாப்ள?” என்று மாமா கேட்டார்.

யாரோ எழுந்து விளக்கை அணைத்தார்கள். இருட்டில் உட்கார்ந்து நாங்கள் எல்லாரும் இருட்டைப் பார்த்தோம்.

அப்போதுதான் மகேஸின் தங்கை கவிதா தன் போனைத் திறந்தாள். (கோயில் கூடையில் அவள் போட்டது பழைய போன். புதியது கைப்பையிலேயே இருந்திருக்கிறது.) நான் தரையில் தவழ்வதைப் பார்த்துச் சிரிப்பு வந்து, திருட்டுத்தனமாக ஒரே ஒரு படம் எடுத்திருந்தாள். அதை இரண்டு விரலால் பெரிதாக்கினாள். கண் இடுங்க, வாய் கோண, கேமராவைப் பிடித்திருக்கிறேன் நான். லென்ஸின் மேல் மூடி.

மாமாதான் தொண்டையைச் செருமினார்.

“அன்னிக்கே பாத்தேன் மாப்ள. சொல்லலாமான்னு யோசிச்சேன். இவ்வளவு வெல குடுத்து வாங்குன கேமரா, மூடியோடவே எடுக்கும் போலன்னு விட்டுட்டேன்.”

ஐயரும் பார்த்தாராம். மாமாவின் அண்ணனும் பார்த்தாராம். நான் கொடுத்த விளக்கங்களைக் கேட்டுக் கேட்டு, அந்தக் கேமராவைப் பற்றி வாய் திறக்கவே எல்லாருக்கும் பயமாகிவிட்டிருந்தது.

அத்தை மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். பின்னாலேயே போனேன். கழுவித் துடைத்த தட்டுகளை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வேறு ஏதோ வந்தது.

“மாமாவுக்குக் கை நடுங்குச்சி அத்தை,” என்றேன். “தாலி கட்டறப்ப. ரெண்டாவது முடிச்சு சரியா விழல. அவுத்துட்டு மறுபடி போட்டாரு.”

அத்தை தண்ணீரை நிறுத்தினார். “நெசமாவா? நான் குனிஞ்சிருந்தேன். எனக்குத் தெரியாதே.”

கேமராவின் குட்டி ஜன்னல் வழியாக நான் எல்லாவற்றையும் பார்த்திருந்தேன் அல்லவா? ஃபிலிமுக்குத்தான் தெரியவில்லை, எனக்குத் தெரியும். முடிச்சுப் போட்டதும் மாமா உதட்டைக் கடித்துக்கொண்டதைச் சொன்னேன். அத்தையின் ஈரக் கூந்தலிலிருந்து சொட்டிய தண்ணீரை மாமா தன் புது வேட்டி நுனியால் துடைத்ததைச் சொன்னேன். அட்சதை விழுந்தபோது கவிதா அழுததையும், அழவில்லை என்று காட்ட மேலே மின்விசிறியைப் பார்த்ததையும் சொன்னேன். ஒவ்வொரு படமாகச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அத்தை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். நடுவில் ஒரு முறை, வேட்டியால் துடைத்ததை மறுபடியும் சொல்லச் சொன்னார்.

திரும்பிவரும் வழியில், காரில், கேமராவை விற்றுவிடுகிறேன் என்று மகேஸிடம் சொன்னேன். கோபத்தில் சொல்கிறேன் என்று அவள் நினைத்தாள். கோபமில்லை. செருப்புக்கும் பூனைக்கும் தாராளமாகக் கொடுத்த ஃபிலிமை அத்தைக்குக் கொடுக்கத் தயங்கியிருக்கிறேன். விற்க அந்தக் காரணம் போதும் என்று தோன்றியது.

வாங்க வந்தவர் நஸீர். கோலசிலாங்கூரில் அவருடைய வாப்பா காலத்திலிருந்தே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பம். கடையிலேயே சந்திக்கலாம் என்றார். தான் சமாதானப்படுத்தாவிட்டால் மாப்பிள்ளை மனமுடைந்துபோவார் என்று மாமாவும் கூடவே வந்தார். பரோட்டா மேசையில் லென்ஸ்களைப் பரப்பியபோது ஒவ்வொன்றையும் ஒரு முறை துடைத்து வைத்தேன். நஸீர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் புதுசு மாதிரி இருக்கிறதே, எதற்கு விற்கிறீர்கள், ஏதும் பழுதா என்று கேட்டார்.

“பழுதெல்லாம் இல்ல தம்பி,” என்றார் மாமா, டீயை ஆற்றிக்கொண்டே. “மாப்ளைக்குப் படம் நல்லா எடுக்கத் தெரியும். மூடிதான் எடுக்கத் தெரியல.”

நஸீர் சிரித்த சிரிப்பில் பரோட்டா மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து நானும் சிரித்தேன். அந்த வாக்கியம் எங்களுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. இன்றைக்கும் குடும்பத்தில் யார் போனைத் தூக்கினாலும், ‘மூடிய எடுத்தாச்சா’ என்று யாராவது கேட்காமல் படம் விழாது. கவிதாவின் மகளுக்குப் பேச்சு வந்ததே இப்போதுதான். அவளும் கேட்கிறாள்.

கேமரா விற்ற பணத்தில் மாமாவையும் அத்தையையும் லங்காவித் தீவுக்கு அனுப்பினோம். தேனிலவு என்று கிண்டல் செய்தோம், வெட்கப்பட்டுக்கொண்டே போனார்கள். அங்கிருந்து மாமா அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் பாதிக் கடலை அவருடைய விரல் மறைத்திருந்தது. அப்பாவிடம் சொல்லுங்களேன் என்றாள் மகேஸ். சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ‘அருமை மாமா’ என்று பதில் போட்டேன்.

அந்த ஆணியில் இப்போது கவிதா எடுத்த படம் தொங்குகிறது. அதைத்தான் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். முக்கால்வாசி இடத்தை நான் அடைத்திருக்கிறேன். என் இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில், கொஞ்சம் மங்கலாக, மாமா குனிந்து அத்தைக்குத் தாலி கட்டுகிறார். அறுபதாம் கல்யாணத்துக்கென்று இருப்பது அந்த ஒன்றுதான்.

போன தீபாவளிக்கு வந்த ஒருவர் அதன் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, முன்னால் தவழ்கிற இந்த ஆள் யார் என்று கேட்டார். நான் முறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு நழுவப் பார்த்தேன்.

“எங்க மாப்ள,” என்றார் அத்தை. “எங்க கல்யாணத்துக்கு இவருதான் படம் எடுத்தாரு.”