இரண்டாம் பாடம் முடித்தவர்

இணையப் பாதுகாப்பு அறிமுக வகுப்பை முழுதாக முடித்தவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. தொடங்காதவர்களாலும் இல்லை. பன்னிரண்டு பாடங்களில் இரண்டை மட்டும் கைப்பேசியில் பார்த்து முடித்திருக்கிறாரே, அவரிடம்தான் நீங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

எப்படி அடையாளம் காண்பது? மடிக்கணினியின் கேமராவில் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். அது போதாதென்று கேமராவே இல்லாத டிவிக்கும் அலமாரிக் கண்ணாடிக்கும் ஒட்டியிருப்பார். காலையில் கடவுச்சொல்லை மாற்றி, மதியம் அதை மறந்து, மாலையில் எவனோ உள்ளே புகுந்துவிட்டான் என்று அறிவிப்பார். சொந்தத் தம்பி போன் செய்தாலும், "நீதான் பேசுறங்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்பார்.

கானா நாட்டின் குமாசி நகரில், எங்கள் ஊரில், டயர் கடை வைத்திருக்கும் யாவ் டார்கோ இந்த இனத்தின் உச்சம். பிறந்த தேதியை யாரிடமும் சொல்லாதே என்றது இரண்டாம் பாடம். எங்கள் ஊரிலோ பிறந்த கிழமைதான் பெயர். வியாழனில் பிறந்த ஆண் யாவ். வெள்ளியில் பிறந்த பெண் அஃபியா. ஆக, தன் ரகசியத்தில் பாதியை நாற்பது வருஷமாக ஊரே கூவிக்கொண்டிருக்கிறது என்று டார்கோ அதிர்ந்துபோனார். அன்றிலிருந்து யாவ் என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. கடைக்கு வந்தவர்கள்தான் திரும்பிப் போனார்கள்.

அந்தச் சமயம் பார்த்து அவர் மனைவி செர்வாவுக்குப் பெண் பிறந்தது. எட்டாம் நாள் விடியலில் நாக்கில் தண்ணீர் தொட்டுப் பெயர் சொல்லும்வரை குழந்தை வெறும் விருந்தாளி. சொன்ன பிறகுதான் வீட்டு மனுஷி. செர்வா ஒரு வாரமாக அந்தப் பெயரைக் கூப்பிடக் காத்திருந்தாள். டார்கோவோ கிழமைப் பெயர் கூடாது என்றும், எட்டு எழுத்தும் ஓர் எண்ணும் ஒரு குறியும் கலந்து தானே ஒன்று தயாரித்திருப்பதாகவும், அதையும் பெயர் சூட்ட வந்திருக்கும் தன் பெரியப்பா காதில் மட்டும்தான் சொல்வதாகவும் பிடிவாதமாக நின்றார்.

பெரியப்பா ஒபிரி தண்ணீர்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை பந்தல் போட்டு, எட்டாம் நாளுன்னு ஊரையே கூப்பிட்டாச்சு. பிள்ள வெள்ளிக்கிழமை பொறந்தத யாருகிட்டடா மறைக்கிற?"

டார்கோ யோசித்தார். விழாவைச் செவ்வாய்க்குத் தள்ளினால் எதிரி குழம்பிவிடுவான் என்றார்.

பெரியப்பா கிண்ணத்தைக் கீழே வைத்தார். எழுந்து போனால் இனி வரமாட்டார். குழந்தை விருந்தாளியாகவே நிற்கும்.

செர்வா குரலை உயர்த்தவில்லை. "மூணாம் பாடத்த நானும் பாத்தேன். ஒருத்தர் சொன்னா செல்லாதாம். ரெண்டு பேர் உறுதி செய்யணுமாம். நான் அஃபியான்னு உறுதி செய்றேன். பெரியப்பா, நீங்க?"

"அஃபியா," என்றார் பெரியப்பா.

மூன்றாம் பாடத்தை இன்னும் பார்க்கவில்லை என்று அத்தனை பேர் முன்னால் டார்கோ எப்படி ஒப்புக்கொள்வார்? "சரியான நடைமுறைதான்," என்று தலையாட்டினார். நாக்கில் சொட்டு விழுந்தது. அஃபியா முகத்தைச் சுளித்தாள்.

சிரிக்கிறீர்கள். ஆனால், அவர் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறதே என்று நடுவில் எங்காவது உங்களுக்குத் தோன்றியதா? அப்படியானால் உங்களுக்கும் இரண்டு பாடம் முடிந்துவிட்டது. தயவுசெய்து வீட்டில் யாருக்கும் பெயர் வைக்கப் போகாதீர்கள்.