வெல்டிங் மெஷின் தேர்வுக் குழுவின் வெற்றி வரலாறு

மனிதகுலம் இதுவரை செய்த பெரிய காரியங்கள் மூன்று. நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, எங்கள் வீட்டுக்கு ஒரு வெல்டிங் மெஷின் தேர்ந்தெடுக்க மூவர் குழு அமைத்தது. இவற்றில் முதல் இரண்டையும் யாரோ பெயர் தெரியாதவர்கள் அவசரப்பட்டுச் செய்துவிட்டார்கள். கூட்டம் போடவில்லை, நடவடிக்கைக் குறிப்பு எழுதவில்லை, யாருடைய கருத்தையும் கேட்கவில்லை. மூன்றாவது மட்டும்தான் முறைப்படி நடந்தது. அதன் செயலாளர் என்ற முறையில் இந்த வரலாற்றை எழுதி வைப்பது என் கடமை.

விஷயம் மிகச் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி சொன்னாள்.

"என்னங்க, அந்தச் சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல மாடி ஜன்னலுக்கெல்லாம் கிரில் கேக்குறாங்க. பன்னெண்டு ஜன்னல். என்னையே பண்ணச் சொல்றாங்க. கிரில் இல்லாம மாடி வகுப்பைத் திறக்க விடமாட்டாங்களாம். ஆறு வாரம் இருக்கு. வீட்டுக்கு ஒரு வெல்டிங் மெஷின் வாங்கிரலாம். இருநூறு ஆம்ப் இன்வெர்ட்டர் மெஷின் போதும். தோள்ல மாட்டித் தூக்குற எடை, கரண்ட் குறைஞ்சாலும் அணையாம நிக்கணும், கேபிள் பத்து மீட்டர். அவ்வளவுதான்."

இதைச் சொல்ல அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கிற ஒரு விஷயத்தைப் பொறுப்புள்ள மனிதன் எப்படி ஏற்றுக்கொள்வது? நான் பதிவேடுகள் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். ஜன்னலோர நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்துவதற்கே எங்கள் பிரிவில் நாலு மாதம் ஆனது. நாற்காலிக்கே அப்படியென்றால் மின்சாரத்தில் ஓடும் ஒரு இயந்திரத்துக்கு எவ்வளவு நிதானம் வேண்டும்?

அன்று மாலையே குழு அமைந்தது. தலைவர் என் அண்ணன். அவரைவிட வயதில் மூத்தவர் யாரும் வீட்டில் இல்லை என்பது தகுதி. செயலாளர் நான். தொழில்நுட்ப நிபுணர் என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. அவன் செல்போன் உறைகள் விற்கும் கடை வைத்திருக்கிறான். ஆனால் வெல்டிங் பற்றி இருநூற்றுச் சொச்சம் வீடியோ பார்த்தவன். அதிலும் ஒரு தாடிக்காரர் கொட்டகையில் நின்று பேசும் வீடியோக்களை இரண்டு முறை பார்த்தவன்.

மனைவியைக் குழுவில் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது. எழுப்பியது அவள்தான்.

"அது சரியா வராதும்மா," என்றார் அண்ணன். "மெஷினை உபயோகிக்கப் போறது நீ. நீ குழுவுல இருந்தா உன் சௌகரியத்தைத்தான் பாப்ப. பாரபட்சம் வந்துரும்."

"எங்க மூணு பேருக்கும் அந்தப் பிரச்சினை இல்லக்கா," என்றான் மைத்துனன். "நாங்க யாரும் அதைத் தொட்டதே இல்ல."

இந்த நடுநிலைமை எங்கள் குழுவின் மாபெரும் பலம். வெல்டிங் குச்சியைக் கையில் பிடித்த ஒருவர்கூட உறுப்பினராக இல்லாமல் பார்த்துக்கொண்டோம். என் மனைவி பஸ் கூடு கட்டும் பட்டறையில் பதினொரு வருஷமாக வெல்டர். தேர்வுக்கும் இந்தத் தகவலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதால்தான் இவ்வளவு தாமதமாகச் சொல்கிறேன்.

முதல் கூட்டம் இலக்குகளை வகுப்பதில் போயிற்று. இரண்டாவது கூட்டம் முதல் கூட்டத்தின் குறிப்பைத் திருத்துவதில் போயிற்று. மூன்றாவது கூட்டத்தில்தான் தொழில்நுட்பத்துக்குள் இறங்கினோம்.

"டூட்டி சைக்கிள்னு ஒண்ணு இருக்கு," என்றான் மைத்துனன். "இந்த மாடலுக்கு அறுபது சதவீதம்."

"அப்படின்னா?"

"முழு வேகத்துல ஓட்டினா பத்து நிமிஷத்துல ஆறு நிமிஷம் வேலை செய்யும். நாலு நிமிஷம் ஓய்வெடுக்கும்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பத்துல ஆறு நிமிஷம் வேலையா? தொடர்ந்தா?"

எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் யாராவது அந்த விகிதத்தில் உழைத்தால் உடம்புக்கு என்னவோ என்று டாக்டரிடம் கூட்டிப்போவோம். இப்படிப்பட்ட ஒரு இயந்திரத்தை வீட்டுக்குள் விடுவதா என்பது பற்றி ஆழ்ந்த விவாதம் நடந்தது. 'மேலும் ஆய்வு தேவை' என்று குறித்துக்கொண்டேன்.

பட்டறையிலிருந்து மனைவி திரும்பியபோது மாலை ஆறு மணி. சட்டைக் கையில் பொறி பட்ட ஓட்டைகள். கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"என்ன ஆச்சு?"

"நிறம் முடிவாயிருச்சு," என்றேன் பெருமையாக.

"எந்த நிறம்?"

"நிறம் முக்கியமில்லைன்னு முடிவாயிருச்சு."

அவள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கொல்லைக்குப் போய், வாங்கிப் போட்டிருந்த சதுரக் கம்பிகளை அளவு பார்த்து அறுக்க ஆரம்பித்தாள். மூன்று வாரம் ஓடியிருந்தது. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை அந்த வாரம் இரண்டு முறை போன் செய்தார். "முடிஞ்சிரும் டீச்சர், நான் சொன்னா சொன்னதுதான்" என்று அவள் சொன்னது கூட்ட அறை வரை கேட்டது. தன் பெயரில் தானே எடுத்த முதல் வேலை இது. நன்றாக முடித்தால் பட்டறைக்குப் போவதை விட்டுவிட்டு வீட்டிலேயே தொழில் வைக்கலாம் என்பது அவளுடைய எண்ணம். ஆனால் தனிமனித ஆசைகளுக்காகக் குழு தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ள முடியாது.

இருந்தாலும் நாங்கள் கல் மனம் கொண்டவர்கள் அல்ல. நாலாவது வாரம் கடைக்கே நேரில் போய் 'கள ஆய்வு' நடத்தினோம். பையைப் பிடித்துக்கொள்ள மனைவியையும் கூட்டிப்போனோம்.

கடைக்காரர் ஒரு மெஷினை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒரு இரும்புத் தகட்டைக் கவ்வியில் மாட்டினார்.

"யாருங்க ஓட்டிப் பாக்குறது?"

"தலைவர்," என்றேன்.

அண்ணன் முகமூடியை மாட்டிக்கொண்டார். குச்சியைத் தகட்டில் வைத்து அழுத்தினார். மெஷின் உறுமியது. குச்சி தகட்டோடு ஒட்டிக்கொண்டது. அண்ணன் இழுத்தார். தகடும் சேர்ந்து வந்தது. இன்னும் பலமாக இழுத்தார். மேஜையே வந்தது.

"விடுங்க சார், விடுங்க!" என்று கடைக்காரர் கத்தினார்.

"நான் விட்டுட்டேன்யா, அது விடமாட்டேங்குது!"

மனைவி பையைக் கீழே வைத்தாள். அண்ணனின் கைக்கு மேல் கையை வைத்து ஒரு திருகு திருகினாள். குச்சி பட்டென்று விடுபட்டது. மெஷினின் குமிழைக் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு, சுவரில் தொங்கிய இன்னொரு முகமூடியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, தகட்டில் ஒரு விரல் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தாள். மேலே படிந்த கசடைத் தட்டிவிட்டதும் கோலப்பொடி இழைமாதிரி நேராக இருந்தது.

கடைக்காரர் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, நீங்க..."

"அக்கா சும்மா கூட வந்தாங்க," என்றான் மைத்துனன்.

"இதுக்குப் பத்து மீட்டர் கேபிள் கிடைக்குமா?" என்று அவள் கடைக்காரரிடம் கேட்டாள்.

"நாங்க பேசிக்கிட்டிருக்கோம்லம்மா," என்றார் அண்ணன், முகமூடிக்குள்ளிருந்து.

கள ஆய்வு அறிக்கை அன்றே தயாரானது. 'மேற்படி இயந்திரத்திடம் ஒட்டிக்கொள்ளும் குணம் காணப்படுவதால் நிராகரிக்கப்படுகிறது.' ஒட்டுவதற்காகவே வாங்குகிற இயந்திரம் ஒட்டியது குற்றமாகுமா என்று மைத்துனன் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தான். அவனுடைய துணிச்சலைப் பாராட்டி, அந்தக் கருத்தையும் நிராகரித்தோம்.

அடுத்த வாரத்திலிருந்து ஒரு புதிய சிக்கல் தலைதூக்கியது. கூட்டம் நடக்கும்போது விளக்கு மங்கியது. மின்விசிறி பெருமூச்சு விட்டது. ரகசியம் காப்பதற்காகக் கதவு ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். கதவிடுக்கில் நீல வெளிச்சம் பளிச்சிட்டது. கொல்லைப்புறத்தில் ஏதோ பொரிகிற சத்தம் கேட்டது.

"மின்னல்," என்றார் அண்ணன்.

"வானம் தெளிவா இருந்துச்சே," என்றேன்.

"அதான் ஆபத்து. மேகமில்லாத மின்னல்."

ஆறாவது வாரம் வெள்ளிக்கிழமை விளக்கு மறுபடி மங்கியது. மைத்துனன் செல்போனில் ஏதோ கணக்குப் போட்டான். "வோல்ட்டேஜ் பயங்கரமா இறங்குது. இந்தக் கரண்ட்ல எந்த மெஷினும் ஓடாது மச்சான். தாடிக்காரரே சொல்லியிருக்கார்."

ஒரு பெரிய உண்மை எங்களுக்குப் புலப்பட்டுவிட்டது. ஆறு வார உழைப்பின் பலனாக, இந்த வீட்டில் வெல்டிங் செய்வது விஞ்ஞானரீதியாகச் சாத்தியமே இல்லை என்று கண்டுபிடித்திருந்தோம். 'எனவே இயந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை' என்று இறுதித் தீர்மானம் எழுதினேன். மூவரும் கையெழுத்திட்டோம். ஒவ்வொரு கையெழுத்துக்கும் விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. மின்சாரமே வணக்கம் செலுத்துவதாக எனக்குத் தோன்றியது.

தீர்மானத்தை உரியவளிடம் ஒப்படைக்கக் கொல்லைக் கதவைத் திறந்தோம். பன்னிரண்டு கிரில்கள் சுவரில் சாய்ந்து வரிசையாக நின்றன. மனைவி கடைசிக் கிரிலின் மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது.

"இது... எதுல பண்ணினம்மா?" என்றார் அண்ணன்.

"அந்த ஒட்டுற மெஷின்லதான் மாமா. மறுநாளே போய் வாங்கிட்டு வந்துட்டேன்."

"குழு அதை நிராகரிச்சிருச்சே!"

அவள் எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை. "மாமா, திங்கட்கிழமை சின்னப் பிள்ளைங்க மாடிக்கு வர்றாங்க. அஞ்சு வயசு, ஆறு வயசு. ஜன்னல் ஆன்னு திறந்து கிடக்கு. நீங்க தீர்மானம் போடுற வரைக்கும் பன்னெண்டு ஜன்னல்லயும் போய் நின்னு அதுங்களைப் பிடிச்சுக்குவீங்களா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மைத்துனனைப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நடவடிக்கைக் குறிப்பில் வெட்கத்துக்கென்று ஒரு கட்டம் இல்லாததால் அதைப் பதிவு செய்ய முடியவில்லை. அங்கேயே அவசரக் கூட்டம் கூட்டி, அந்த மெஷினை முன்தேதியிட்டு ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் தேர்வு எவ்வளவு சரியானது என்பதற்குப் பன்னிரண்டு சாட்சிகள் சுவரில் சாய்ந்து நின்றன.

மறுநாள் சனிக்கிழமை. கிரில்களுக்கு மறுமுனை பிடிக்க நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மனைவி ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக ஜன்னலின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துக்கொண்டிருந்தாள். கடைசி ஜன்னல் வேலை நடக்கும்போது தலைமையாசிரியை மாடிக்கு வந்தார். ஒரு கிரிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக என்னிடம் வந்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு சார். மெஷின் தேர்ந்தெடுக்கவே நீங்க ஆறு வாரம் ஆராய்ச்சி பண்ணினீங்களாமே? உங்க மைத்துனர் சொன்னார். உங்க மேற்பார்வை இல்லாட்டி இது நடந்திருக்குமா?"

'நடந்திருக்கும்' என்ற ஒரே ஒரு வார்த்தை போதும். அது என் வாயில்தான் இருந்தது.

"குழு முயற்சிங்க," என்றேன் அடக்கத்தோடு.

ஏணி மேலே சத்தம் நின்றது. மனைவி முகமூடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. அலுப்புத்தான். பிறகு புதுக் குச்சி ஒன்றை மாட்டினாள்.

"டீச்சர், அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க. என்னங்க, அடிக்கப் போறேன். கண்ணை மூடிக்கோங்க."

மூடிக்கொண்டேன். எனக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.