அக்காவின் கலியாணமும் உபரி ஐயரும்

கணினி சொல்லிவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போது பாவமாக இருக்கும். அந்த நம்பிக்கையில் சொந்த அக்காவின் கலியாணத்தையே குழப்பப் பார்த்தவள் நான்.

அப்போது ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு தொழிற்சாலைக்குப் பொருட்கள் வரும் வழியில் பனி கொட்டினால், லொறி பழுதானால் என்ன நடக்கும் என்று கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பதுதான் என் ஆய்வு. தொழிற்சாலைகளை முடக்கி முடக்கி அலுத்துப்போய், டுசல்டோர்ஃபில் நடக்கவிருந்த அக்காவின் கலியாணத்தை உள்ளே போட்டேன். (கொழுப்புத்தான், வேறென்ன?)

பாரிஸிலிருந்து வாழையிலை வராவிட்டால் காகிதத் தட்டு. ஒரு கடையில் மாலை இல்லாவிட்டால் இன்னொரு கடை. எல்லாவற்றுக்கும் மாற்று இருந்தது. கலியாணம் செய்துவைக்கும் ஐயர் வராவிட்டால் மட்டும் ஒவ்வொரு தடவையும் கலியாணம் நின்றது. ஜெர்மனியில் ஐயர்மார் குறைவு. எங்கள் ஐயரோ வேறு ஊரிலிருந்து ரயிலில் வரவேண்டியவர். முக்கியமான இடத்தில் ஒருவரை மட்டும் நம்பக் கூடாது என்பது எங்கள் துறையின் பாலபாடம். யாருக்கும் சொல்லாமல் இன்னொரு ஐயரையும் ஒழுங்குசெய்தேன். முதலாமவர் வந்துவிட்டால் இவரை ஃபோனில் நிறுத்திவிடலாம் என்பது திட்டம்.

வழமையாகப் பிந்தும் ரயில் அன்றைக்கென்று பார்த்து நேரத்துக்கு ஓடியது. முதலாமவர் வந்ததும் இரண்டாமவருக்கு ஃபோன் அடித்தேன், அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். கார் ஓட்டும்போது அவர் ஃபோன் எடுக்கமாட்டாராம். இதை நான் கணினிக்குச் சொல்லியிருக்கவில்லை.

மணவறைக்கு முன்னால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"என்னில நம்பிக்கை இல்லையெண்டால் முதலே சொல்லியிருக்கலாம்," என்று முதலாமவர் பையைக் கட்டத் தொடங்கினார்.

"இன்னொரு ஐயரின்ர இடத்தில நான் இருக்கமாட்டன். போட்டு வாறன்," என்று மற்றவர் வாசலுக்குத் திரும்பினார்.

இரண்டு ஐயர் இருந்தும் ஒருவரும் இல்லாமல் போகிற நிலை. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஐயா, இது என்ர விசர் வேலை. அக்காவுக்கு ஒண்டும் தெரியாது," என்றேன்.

சத்தம் கேட்டு அக்காவே கலியாண அலங்காரத்தோடு வெளியே வந்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் இருங்கோ ஐயா. ரெண்டு ஆசீர்வாதம் கிடைச்சால் எனக்குக் கூடாதோ?"

மணப்பெண் கேட்டதை மறுக்க முடியாமல் இருவரும் அமர்ந்தார்கள். தாலி நேரத்துக்கு ஏறியது. ஆனால் கிரியைகள் முடிகிற பாடில்லை. ஒருவர் ஒரு மந்திரம் சொன்னால் மற்றவர் இரண்டு சொன்னார். சோறு ஆறிப்போனது. மண்டபக்காரர் சாவியோடு வந்து நின்றார். பசியில் சனம் என்னைத் தேடியது. நான் செருப்புகள் கழற்றி வைக்கும் இடத்தில் ஒளிந்திருந்தேன்.

என் ஆய்வுக்கு நல்ல புள்ளி கிடைத்தது. வீட்டில் அதை ஒருவரும் விசாரிக்கவில்லை. ஆனால் அத்தான் கோபத்தில் சத்தம் போடும்போதெல்லாம் அக்கா இன்றும் நிதானமாகச் சொல்வாள்:

"கத்திப் பிரயோசனமில்லையப்பா. எங்களை முடிஞ்சு வச்சது ரெண்டு ஐயர். அவிழ்க்கிறதெண்டால் நாலு பேராவது வேணும்."