ரோடு வேண்டாமென்ற படிக்கட்டு பாய்

தன் தெருவுக்கு ரோடு போடாதீர்கள் என்று கெஞ்சி மனுக் கொடுத்த மனிதரை நீங்கள் தமிழ்நாடு முழுக்கத் தேடினாலும் ஒருவரைத்தான் கண்டுபிடிக்க முடியும். அவர் எங்கள் படிக்கட்டு பாய்.

ரேஷன் கார்டில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. தோல் வியாபாரம் செய்து ஓய்ந்தவர், வெள்ளைத் தாடி, எந்நேரமும் கையில் ஒரு கறுப்புக் குடை. நான் திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற வழியில் ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளியவன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பென்ஷன் வாங்குகிறவன் வாயைப் பார்த்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

பாயின் அத்தா கட்டிய வீட்டுக்கு ஒரு காலத்தில் நாலு கருங்கல் படி ஏறிப் போக வேண்டும். எங்கள் ஊரில் புது ரோடு என்றால் பழைய ரோட்டின் தலையிலேயே போடுவது, தோசை மேல் தோசை மாதிரி. பழையதைப் பெயர்த்தெடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. அது அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. தேர்தலுக்கு ஒரு ரோடு வரும், ரோட்டுக்கு ஒரு படி போகும். நான் அந்த ஆபீசுக்கு மாற்றலாகி வந்தபோது பாய் வீட்டில் ஒரே ஒரு படிதான் மிச்சம்.

அந்தப் படிதான் அவருக்கு உயிர். மழை பெய்தால் தெருத் தண்ணீர் சாக்கடையையும் கூட்டிக்கொண்டு அதன் விளிம்பு வரை வரும், எட்டிப் பார்க்கும், போய்விடும். அதுவும் மூழ்கினால் தண்ணீர் நேராக வீட்டுக்குள். சென்னையில் இருக்கும் மகன், "வீட்டை வித்துட்டு இங்க வந்துருங்கத்தா" என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். பாயின் மனைவி பாயம்மாவுக்கு மூட்டுவலி. ஆனாலும், "லிப்டுல ஏறி இறங்கிக்கிட்டுக் கெடக்கவா நான் வாக்கப்பட்டு வந்தேன்?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். இன்னொரு ரோடு வந்தால் வீடும் போகும், ஊரும் போகும் என்பதுதான் நிலைமை.

பாய் முதல்முதலாக என் மேஜைக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

"தம்பி, எங்க தெருவுக்கு ரோடு வேணாம்."

"ரோடு வேணும்னு எழுதணுமா பாய்?"

"வேணாம்ங்கிறேன்ல! போட்டா, பழசைப் பேத்தெடுத்துட்டுப் போடுங்க. முடியலையா, சும்மா இருங்க. சும்மா இருக்கிறது உங்களுக்கு என்ன புதுசா?"

மனுவை வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றும் பெண்ணிடம் கொடுத்தேன். அவள் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாலை வசதி வேண்டி, தெருவிளக்கு வேண்டி, குடிநீர் வேண்டி என்று வரிசையாக இருக்கிறதாம். வேண்டாம் என்று சொல்ல ஓர் இடமும் இல்லையாம். ஒரு குடிமகன் அரசாங்கத்திடம் ஒன்று வேண்டாம் என்பான் என்று அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. "எதையாச்சும் ஒண்ணை அமுக்குனாத்தான் சார் அடுத்த பக்கத்துக்குப் போகும்" என்றாள். அமுக்கினாள். சாலை வசதி வேண்டி.

தண்ணீர் கேட்டுக் குடத்தோடு வந்த பெண்களின் மனுக்கள் எங்கள் ஆபீசில் தூங்கி எழுந்து மறுபடி தூங்கியிருக்கின்றன. பாயின் மனுவுக்கு மட்டும் இறக்கை முளைத்துவிட்டது. மேலே போனது தெரியவில்லை, ஒப்புதலோடு இறங்கி வந்தது. பாயின் செல்போனுக்கு, 'தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது' என்று செய்தியும் போய்விட்டது.

பாய் பேரீச்சம்பழ டப்பாவோடு ஆபீசுக்கு வந்தார். செயல் அலுவலர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் கையில் வைத்து அழுத்தினார்.

"நானும் அரசாங்கத்தை என்னமோ நெனச்சேன் தம்பி. இம்புட்டு வெரசா காது குடுத்துக் கேக்குறாகளே!"

நாங்களும் என்ன ஏது என்று விசாரிக்காமல் தின்றோம். அடுத்த வாரம் அவர் வாசலில் ஜல்லி வந்து இறங்கியது.

ரோடு திறப்பு அன்று வார்டு கவுன்சிலர் மைக் வைத்து, "பாயோட விடாமுயற்சியாலதான் இந்த ரோடே வந்துச்சு" என்று சொல்லி அவருக்குச் சால்வை போர்த்தினார். பாய் சால்வையோடு நின்று, படி இருந்த இடத்தைப் பார்த்தார். தெருவும் அவர் வீட்டுத் தரையும் இப்போது ஒரே மட்டம். பக்கத்துத் தெருக்காரர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கும் ஒரு மனு எழுதிக் குடுங்க பாய், உங்க கை ராசி" என்று கேட்டார்கள்.

அந்த வருட மழையில் தண்ணீர் கதவைத் தட்டாமலே உள்ளே போனது. கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்தார்கள், அரிசி மூட்டை பரணுக்கு ஏறியது. மகன் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "இன்னொரு மழைக்காலம் பாப்போம்டா" என்று பாய் அவனைத் திருப்பி அனுப்பினார். சொன்னாரே தவிர, முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு பட்ஜெட் கூட்டம் வந்தது. எங்கள் பட்ஜெட் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தலைவர் படிப்பார், நாங்கள் விசிறிக்கொள்வோம், உளுந்த வடை வரும்போது உறுப்பினர்கள் விழிப்பார்கள், ஏகமனதாக நிறைவேறும். போன வருடம் கட்டுவதாகச் சொன்ன பாலத்தை இந்த வருடமும் கட்டுவதாகச் சொல்லுவோம். எத்தனையோ பட்ஜெட்டை நானே தட்டச்சு செய்திருக்கிறேன். ஊர் பெயரையும் வருடத்தையும் தவிர பெரிதாக எதையும் மாற்றியதில்லை. அலுத்துப்போய்விட்டது.

அன்று பார்வையாளர்களின் பின்வரிசையில் குடையை ஊன்றி எழுந்து நின்றார் பாய்.

"எல்லாத்துக்கும் பணம் ஒதுக்குறீக. பழைய ரோட்டைப் பேத்தெடுக்க ஒரு ஓரமா ஒதுக்கக் கூடாதா?"

செயல் அலுவலர் கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். "பாய், ரோடு போடப் பட்ஜெட்டுல தலைப்பு இருக்கு. குழி தோண்டத் தலைப்பு இருக்கு. பேத்தெடுக்கத் தலைப்பு இல்ல. தலைப்பு இல்லாம ஒரு பைசா எடுக்க முடியாது."

பாய் உட்கார்ந்தார். வடை ஒரு சுற்று போய் வந்தது. மறுபடி எழுந்தார்.

"தோண்டுறதுக்கு இருக்கா?"

"குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டலாம்."

"அப்ப எங்க தெருவைத் தோண்டுங்க."

எங்கள் ஊரில் தெருவைத் தோண்டாமலிருக்கத்தான் ஆள் பிடிப்பார்கள். தோண்டச் சொல்லி யாரும் ஆள் பிடித்ததில்லை. கேட்டவரை ஏமாற்றுவானேன் என்று கவுன்சிலர்கள் கையைத் தூக்கிவிட்டார்கள்.

ஜேசிபி ஓட்டி வந்தவர் ஒட்டன்சத்திரத்துக்காரர். ஓரமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தவரைப் பாய் கையோடு வீட்டுக்குள் கூட்டிப்போய், பாயம்மா கையால் சீரகச் சம்பா பிரியாணி போட்டார்.

"ஏனுங்க பாய், குழி எவ்வளவு அகலம் வேணுமுங்க?" என்றார் வாயைத் துடைத்துக்கொண்டே.

"ஓங்க கை எம்புட்டுத் தாராளமோ அம்புட்டு, தம்பி."

அவர் கையும் தாராளம், பிரியாணியும் தாராளம். ஒரு முழத்துக்குத் தோண்ட வேண்டிய இடத்தில் தெருவையே மொத்தமாகப் பெயர்த்து எடுத்துவிட்டார். அடுக்கடுக்காக ரோடு வெளியே வந்தது. பாய் குடை முனையால் தொட்டுக் காட்டிக்கொண்டே போனார்: "இது போன தேர்தல். இது அதுக்கு முந்துன தேர்தல். இது இடைத்தேர்தல், அதான் மெலிசா இருக்கு." கடைசியில் மண்ணுக்கடியிலிருந்து நாலு கருங்கல் படிகளும் எழுந்து வந்தன. பாய் வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பாயம்மா மூட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து மேல்படியில் உட்கார்ந்து கல்லைத் தடவிக்கொண்டிருந்தார்.

குழாய் பதித்தார்கள். அத்தோடு நிதியாண்டு முடிந்து வேலை நின்றது. தெரு சேறாகிப் பல மாதம் கிடந்தது. பால்காரர் தெருமுனையிலேயே மணியடித்தார், ஆட்டோக்காரர்கள் உள்ளே வர மறுத்தார்கள். சால்வை போர்த்திய அதே தெரு பாயை வாய்க்கு வந்தபடி ஏசியது. மழையும் வந்தது. சேற்றில் எல்லோரும் வழுக்கி விழுந்தார்கள். ஆனால் பாய் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.

மறுபடி ரோடு போட வந்தபோதுதான் பெரிய கூத்து. குழியை மண் கொட்டி மேடாக்கி, பழைய மட்டத்துக்கே சிமென்ட் போடுவதாகத் திட்டம். பாய் குடையை விரித்து அடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"படிக்கு மேல போடுறதா இருந்தா, என் மேலயும் சேத்துப் போடுங்க."

சாப்பாடு அங்கேயே, டீ அங்கேயே. தொழுகைக்கு மட்டும் எழுந்து போவார். அப்போது பாயம்மா வந்து உட்கார்ந்துகொள்வார். பொறியாளர் நொந்துபோய் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "என்ன சார் பண்றது? நீங்களாச்சும் சொல்லுங்க."

"ஆளோட சேத்துப் போடத் தலைப்பு இல்ல சார்" என்றேன்.

அந்த ஆபீசில் நான் சொன்னதிலேயே உருப்படியான வார்த்தை அதுதான். அடிப்படிக்குக் கீழேயே ரோடு போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் யார் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை. ஏசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நன்றி என்று யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அந்த முறை யாரும் சால்வையும் கொண்டுவரவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு பாய் மௌத்தாகிவிட்டார். என் சர்வீஸ் முழுக்க எத்தனையோ பேர் மனுக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். இவர் ஒருவருக்காகத்தான் நான் அழுதேன்.

மகன் எவ்வளவோ கூப்பிட்டும் பாயம்மா சென்னைக்குப் போகவில்லை. போன வாரம், அந்தத் தெருவில் மறுபடி ஜல்லி வந்து இறங்கியிருக்கிறது, தேர்தல் நெருங்குகிறதல்லவா, என்று பழைய ஆபீஸ் நண்பர் போனில் சொன்னார். பட்ஜெட்டும் ரோடும் எனக்கு வெறுத்துப் போய் வெகுகாலமாயிற்று. இருந்தாலும் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். யாரிடமும் கேட்காமல் போய் அடிப்படியில் உட்கார்ந்தேன்.

பாயம்மா கதவைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "யாரு, ஆபீஸ் தம்பியா?"

"ஆமாம்மா. ஜல்லி வந்திருக்குன்னாக. செத்த நேரம் இருந்துட்டுப் போறேன்."

உள்ளே போய் டீயோடு வந்தார். கொடுத்துவிட்டு, நான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் ஓரமா உக்காருங்க தம்பி. அது அவுக எடம்."

டீயைக் கையில் பிடித்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தேன்.