பத்து விரலும் தேய்ந்தவர்

தெருக்கோடியில் இருந்த வங்கிக் கிளையை மூடிவிட்டார்கள். இனி வங்கியே வாடிக்கையாளரைத் தேடி வரும் என்று கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. தேடி வந்த வங்கி வழியிலேயே களைத்துப்போனதோ என்னவோ, நாலு கடை தள்ளியிருந்த கடிகார ரிப்பேர் கடையோடு நின்றுவிட்டது.

கடிகாரக்காரருக்கு இதில் மனக்குறை ஒன்றுமில்லை. செல்போன் வந்தபிறகு மணிக்கட்டில் மணி பார்ப்பவர்கள் குறைந்துபோயிருந்தார்கள். மேஜையில் பாதியை வங்கிக்கு ஒதுக்கிக் கொடுத்தார். அங்கே ஒரு சின்னக் கறுப்பு மெஷின் வந்து உட்கார்ந்தது. அதில் விரலை வைக்க வேண்டும். ரேகை சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும், கடிகாரக்காரர் இழுப்பறையிலிருந்து பணத்தை எண்ணிக் கொடுப்பார். ரேகை சரியில்லையென்றால் சிவப்பு விளக்கு எரிந்து ‘கீ’ என்று கத்தும். சுவரில் இருபது கடிகாரங்கள் இருபது விதமாக மணி காட்டின. வங்கி நேரம் முடிந்துவிட்டது என்று யாரையும் விரட்ட முடியாது என்பது ஒரு சௌகரியம்.

மீட்டர்காரருக்கு மட்டும் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. முப்பத்து மூன்று வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்து, ஓய்வு பெற்று இரண்டு வருஷமானவர். பழைய கிளையில் அவருக்கு மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி இருந்தது. மாதம் பிறந்தால் கைப்படக் கையெழுத்துப் போட்டுப் பென்ஷனை வாங்குவார். அதில் இரண்டு நோட்டை உருவி உள்பையில் போட்டுக்கொண்டு, மீதியை மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த இரண்டு நோட்டும் எதிர்வீட்டுக்காரரோடு டீக்கடைக்குப் போவதற்கும், சும்மா உட்கார்ந்து ஊரைத் திருத்துவதற்கும். அவர் வாழ்க்கையில் கணக்குச் சொல்லாமல் செலவழித்த நோட்டுகள் அவை மட்டும்தான்.

அட்டையைச் சொருகினால் பணம் தரும் இயந்திரங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். அவருக்கும் அட்டை வந்தது. வந்த அன்றே மனைவி அதை வாங்கிப் பத்திரமாக வைத்துவிட்டாள். அந்த வீட்டில் பத்திரமாக வைத்த பொருள் திரும்பக் கிடைத்ததாகச் சரித்திரமே இல்லை.

மனைவியை அவர் வெளியில் ‘மேலிடம்’ என்றுதான் குறிப்பிடுவார். வீட்டுக்குள் அப்படிக் குறிப்பிடும் துணிச்சல் இன்னும் வரவில்லை. அவர் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் மேலிடம் ஓர் உத்தரவு போட்டது.

“என்னங்க, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. சந்தோஷம். நான் எப்ப ஆகறது?”

“வீட்டு வேலையில ஏது ரிட்டயர்மென்ட்?”

“அப்ப சரி. இதுவும் வீட்டு வேலைதான். நீங்களும் சேந்துக்கங்க.”

அன்று அவர் கையில் ஏறிய தேய்ப்பு நார் இரண்டு வருஷமாக இறங்கவில்லை. காலையில் அடிபிடித்த பால் பாத்திரம், மத்தியானம் குழம்புச் சட்டி, சாயங்காலம் டம்ளர்கள். மேலிடம் இந்த இரண்டு வருஷத்தில் ஒரு கரண்டியைக்கூடக் கழுவவில்லை.

இந்த நிலைமையில்தான் அவர் முதல் தடவையாகக் கடிகாரக் கடை வங்கியில் விரலை வைத்தார்.

‘கீ’ என்றது மெஷின்.

“நல்லா அழுத்துங்க சார்.”

அழுத்தினார். ‘கீ.’

“கையைத் துடைச்சிட்டு வைங்க.”

துடைத்துவிட்டு வைத்தார். ‘கீ.’ பின்னால் வரிசையில் நின்ற ஆறு பேரும் எட்டிப் பார்த்தார்கள். கடிகாரக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, பழுதான வாட்சைத் தூக்குவது போல அவர் கையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், ரேகையெல்லாம் தேஞ்சு போயிருக்கு. வீட்ல பாத்திரம் தேய்க்கறீங்களா?”

கேட்டதுதான் கேட்டார், கொஞ்சம் மெதுவாகக் கேட்டிருக்கலாம். மீட்டர்காரர் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கடிகாரங்களைப் பார்த்தார். இருபதும் அவரையே பார்த்தன.

“எப்பவாவது... ஒரு டம்ளர் கிம்ளர்...”

“டம்ளர்ல இவ்வளவு தேயாதே சார். இது சட்டி பானை வேலை.”

வரிசையில் நின்ற ஓர் அம்மாள் மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: “எங்க வீட்டுக்காரரையும் அனுப்பி வைக்கிறேன், கொஞ்சம் சொல்லிக் குடுக்கறீங்களா?”

ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்ததில் கடைசியில் இடது கைச் சுண்டுவிரல்தான் கைகொடுத்தது. பணத்தை எண்ணிக் கொடுத்துக்கொண்டே கடிகாரக்காரர் சொன்னார்: “ஒரு வாரம் சோப்புத் தண்ணியில கை வைக்காதீங்க சார். ராத்திரியில எண்ணெய் தடவுங்க. ரேகை எழும்பி வந்துடும்.”

அவமானத்தில் குனிந்திருந்த மீட்டர்காரரின் தலை மெல்ல நிமிர்ந்தது. சோப்புத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது! எந்த டாக்டரும் எழுதித் தராத மருந்துச் சீட்டு அல்லவா இது!

வீட்டுக்குள் நுழையும்போதே கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டுப் போட்டவர் போலப் பிடித்துக்கொண்டு நுழைந்தார்.

“கையில என்ன?”

“ரேகை போயிடுச்சும்மா.”

“எங்க போயிடுச்சு?”

“தேஞ்சு போச்சு. பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு. இன்னைக்கே மெஷின் ஒத்துக்கல. இப்படியே போனா அடுத்த மாசம் பென்ஷன் கிடையாது. இனிமே சோப்பே படக் கூடாதுன்னு பேங்க்ல கண்டிஷனா சொல்லிட்டாங்க.”

“பேங்க்ல சொன்னாங்களா, கடிகாரக்காரர் சொன்னாரா?”

“ரெண்டும் ஒண்ணுதான் இப்ப.”

மேலிடம் ஒரு நிமிஷம் யோசித்தது. “ரப்பர் கையுறை வாங்கிக்கலாமே. கடையில தொங்குது.”

இதை மீட்டர்காரர் வரும் வழியிலேயே எதிர்பார்த்திருந்தார். “ஐயையோ, ரப்பர் ரேகைக்கு எமன். உள்ள வேர்த்து இருக்கறதும் போயிடும்.”

“அப்படியா?”

“நான் சொல்லல, அவங்க சொன்னது.”

“சரி. ஒரு வாரம் ரெஸ்ட் எடுங்க.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் நினைக்கவில்லை. அந்த ஒரு வாரம் அவர் சுண்டுவிரலைக்கூட அசைக்கவில்லை. சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். சமையலறையில் பாத்திரங்கள் மோதும் சத்தம் கேட்டபோதெல்லாம் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தார். “ஒரு வாரம் எதுக்கு? ஆயுசு பூரா வாங்கிடறேன் பாரு” என்று எதிர்வீட்டுக்காரரிடம் சபதம் போட்டார். எதிர்வீட்டுக்காரருக்குப் பொறாமையில் டீ இறங்கவில்லை.

ஆறாம் நாள் கடை வழியாகப் போனவரைக் கடிகாரக்காரர் கூப்பிட்டு நிறுத்தினார். “எங்க, வைங்க சார் பாப்போம்.” வைத்தார். பச்சை. அடுத்த விரல். பச்சை. “பாத்தீங்களா, ஜம்முனு வந்துடுச்சு!” என்று கடிகாரக்காரருக்கு வாயெல்லாம் பல். மீட்டர்காரர் சட்டென்று விரலை இழுத்துக்கொண்டார். இந்தப் பச்சை மேலிடத்தின் காதில் விழுந்தால் நாளைக்கே குழம்புச் சட்டி.

“வீட்ல ஒண்ணும் சொல்லிக்காதீங்க” என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தால், வாசலிலேயே மேலிடம் சொன்னது: “நாளையோட ஒரு வாரம் முடியுது. நானும் கடைக்கு வரேன். தேறிடுச்சான்னு கண்ணால பாத்துடலாம்.”

மறுநாள் காலையில், மனைவி குளிக்கப் போன நேரத்தில், அவர் அலமாரியிலிருந்து பசை பாட்டிலை எடுத்தார். பத்து விரல் நுனியிலும் நிதானமாகப் பூசினார். ஊதி ஊதிக் காயவைத்தார். ஓரளவு காய்ந்ததும் பார்த்தார். ரேகை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் விரல்கள் கண்ணாடி போல மின்னின. இப்படி ஒரு மூளையை வைத்துக்கொண்டா மீட்டர் பார்த்தோம் என்று தன்மேல் தனக்கே வருத்தமாக இருந்தது.

ஒரு சின்னத் தப்பு நடந்தது. முழுக்கக் காய்வதற்குள் செய்தித்தாளைப் பிரித்துவிட்டார். கட்டைவிரலில் ஒரு துண்டுச் செய்தி ஒட்டிக்கொண்டது. பிய்த்துப் போட்டும் நாலைந்து எழுத்து மிச்சம் நின்றது.

“இந்தப் பசை பாட்டிலை எங்கயாவது பாத்தீங்களா? டப்பாவுக்கு லேபிள் ஒட்டணும்.”

“நான் எதுக்குப் பசையைப் பாக்கறேன்?”

“அதுவும் சரிதான்” என்றாள் மனைவி. அன்று காலைச் சிற்றுண்டியை அவர் ஸ்பூனால் சாப்பிட்டதைப் பற்றியும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் கவனிக்க வேண்டிய விஷயம். அவர் கவனிக்கவில்லை.

கடையில் பத்து விரலுக்கும் பத்து ‘கீ’ விழுந்தது. கைகொடுத்த சுண்டுவிரல்கூடக் கைவிட்டது. கடிகாரக்காரர் குழம்பிப்போனார்.

“நேத்து கூட...” என்று ஆரம்பித்தார். மீட்டர்காரர் பலமாக இருமினார். கடிகாரக்காரர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டைவிரலைப் பிடித்தார். “சார், இதுல என்னமோ அச்சடிச்ச மாதிரி...”

“இருக்கட்டும் விடுங்க” என்று குறுக்கே புகுந்தாள் மனைவி. “பாவம், அவருக்கு ரேகை போயிடுச்சு. அவ்வளவுதான். இந்த மாதிரி ஆளுங்களுக்கு பேங்க்ல வேற வழி வெச்சிருப்பாங்கல்ல?”

“இருக்கும்மா. கணக்குல வீட்டாள் ஒருத்தரைச் சேத்துக்கிட்டு அவங்க ரேகையில எடுக்கலாம். ஆனா சார் ஒரு உறுதிமொழி குடுக்கணும்.”

படிவத்தை நீட்டினார். ‘எனது பத்து விரல்களின் ரேகைகளும் நிரந்தரமாக அழிந்துவிட்டன என்றும், இனி அவற்றைக் கொண்டு இக்கணக்கை இயக்கக் கோரமாட்டேன் என்றும் உறுதியளிக்கிறேன்’ என்று அச்சாகியிருந்தது. மீட்டர்காரர் ‘நிரந்தரமாக’ என்ற சொல்லைத்தான் பார்த்தார். வங்கியே எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம் இது. இதைச் சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்ட வேண்டும். அவசரத்தில் மீதி வரியைப் படிக்கவில்லை. பேனா விரலில் ஒட்டிக்கொள்ள, சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

“அம்மா, நீங்க விரலை வைங்க.”

வைத்தாள். முப்பது வருஷமாகக் கணவர் கண்ணில் விட்டு ஆட்டிய விரல் அது. மெஷின் எம்மாத்திரம்? தொட்டதுமே பச்சை எரிந்தது.

“அடேயப்பா! அம்மா ரேகை புது நோட்டு மாதிரி இருக்கே” என்றார் கடிகாரக்காரர்.

“ரெண்டு வருஷமா பாத்திரம் தொடாத கை” என்றாள் அவள் அடக்கமாக.

வீடு திரும்பும் வழியெல்லாம் மீட்டர்காரர் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். பாதி வழியில்தான் உள்பையின் ஞாபகம் வந்தது. பென்ஷனை அவள் விரல் எடுத்தால், இரண்டு நோட்டை எந்த விரல் உருவுவது? சீட்டி கொஞ்சம் சுருதி இறங்கியது. போகட்டும், டீ போனால் போகிறது, சட்டி ஒழிந்ததே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. தொட்டியில் பாத்திரம் குவிந்தது. அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். சமையலறையில் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், மனைவி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து விரல் நுனிகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, பாத்திரம் கிடக்குதே?”

“நான் எப்படிங்க தேய்க்கறது?”

“ஏன்?”

“வீட்டுக்கு இருக்கறது இப்ப இந்த ஒரு ரேகைதான். சோப்புல விட்டுத் தேஞ்சுபோச்சுன்னா பென்ஷனை யார் எடுக்கறது? நீங்களா?”

மீட்டர்காரருக்குப் பகீர் என்றது. “கையுறை போட்டுக்கயேன்! கடையில தொங்குது!”

“ரப்பர் ரேகைக்கு எமன்னு சொன்னது யாரு?”

“அது... ஆளுக்கு ஆள் மாறும்...”

“வேண்டாங்க. குடும்பச் சொத்து இது. விஷப் பரீட்சை வேண்டாம்.”

அவர் வாயைத் திறந்தார். என் ரேகை நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மாட்டிக்கொண்ட இடத்திலிருந்து வெளியே வந்துவிடலாம். ஆனால் அந்த வார்த்தை பசை பாட்டில் வழியாக அல்லவா வெளியே வர வேண்டும்? தவிர, வங்கியில் உறுதிமொழி வேறு. நிரந்தரமாக. தானே சுழித்துப் போட்ட கையெழுத்து.

“அப்ப என் விரல்?” என்றார் ஈனக் குரலில். “எனக்குச் சோப்பு படக் கூடாதுன்னு சொன்னாங்களே?”

“அது ரேகை இருந்தப்ப சொன்னது. இப்பதான் பத்தும் போயிடுச்சே, இனிமே தேயறதுக்கு அதுல என்ன இருக்கு?”

மீட்டர்காரர் எழுந்தார். செய்தித்தாளும் அவரோடு எழுந்தது. அதைக் கையிலிருந்து உதறி உதறிப் பார்த்தபடி தொட்டியை நோக்கி நடந்தவரை, மனைவி மிகுந்த கரிசனத்தோடு பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

“அடுப்புல வெந்நீர் வெச்சிருக்கேன், அதுல தேய்ங்க. பசை சீக்கிரம் விட்டுடும்.”